பதினொரு வயது கம்ப்யூட்டரில் லண்டன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வரும் கணினி கேள்வி பதில் பகுதியைத் தவறாமல் வாசிப்பவன் நான். சென்ற வாரம் திண்டுக்கல் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். தன்னிடம் இருப்பது பத்து வருடத்துக்கு முந்தைய கணினி, அதில் 'ஃபால்அவுட்: லண்டன்' போன்ற பெரிய மாட் (ஒரு கணினி விளையாட்டை ரசிகர்களே மாற்றிக் கட்டியது) ஒன்றை விளையாட முடியுமா, இறக்குவதற்கு முன் எதையெதைப் பார்க்க வேண்டும் என்று. வந்த பதில் இரண்டே வரி. பழைய கணினியில் முயல வேண்டாம், புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்.

அதைப் படித்ததும் எனக்கு வருத்தமாகிவிட்டது. இதே கேள்வி போன வருடம் என் வீட்டில் எழுந்தது. நாங்கள் புதுக் கணினி வாங்கவில்லை. அந்த மாட் முழுவதையும் விளையாடியும் முடித்தோம். அந்த வாசகருக்குச் சேர வேண்டிய பதில் என்னிடம் இருக்கிறது என்று தோன்றியதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சிவகாசியில் டி.டி.பி. வேலை பார்ப்பவன். காலண்டர், நோட்டு அட்டை, பட்டாசு லேபிள் எல்லாம் டிசைன் போட்டுப் பிழைப்பு. ஆடிப்பெருக்குக்கு காலண்டர் ஆல்பம் வெளியானதிலிருந்து தை பிறக்கும்வரை எங்களுக்குத் தூக்கமே கிடையாது. பொங்கல் முடிந்துவிட்டால் ராத்திரிகள் காலி. 2014-ல் வேலைக்காக வாங்கிய கணினிதான் இன்னும் என் மேசையில் இருக்கிறது. இன்டெல் ஐ5-4460 பிராசசர், 8 ஜிபி ராம், ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க், 2 ஜிபி நினைவகம் கொண்ட ஜி.டி.எக்ஸ். 750 டிஐ கிராபிக்ஸ் கார்டு. திரை 1600-க்கு 900 புள்ளிகள். இவ்வளவையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், "பழைய கணினி" என்று பொதுவாகச் சொன்னால் யாராலும் பதில் சொல்ல முடியாது. என்ன பிராசசர், எவ்வளவு ராம், என்ன கார்டு, ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமாகப் படிக்கும் எஸ்.எஸ்.டி. உண்டா இல்லையா, இந்த நான்கும் தெரிந்தால்தான் பேச்சையே தொடங்கலாம்.

பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா கேமில் நம்மூர் பஸ்களைப் போட்டு ஓட்டும் பிள்ளைகளுக்கு மாட் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கம்பெனி விற்கும் விளையாட்டை எடுத்து ரசிகர்கள் தாங்களாகவே கூட்டியும் மாற்றியும் தருவதுதான் மாட். பெரும்பாலும் இலவசம். பெதஸ்டா நிறுவனம் 2015 நவம்பரில் வெளியிட்ட 'ஃபால்அவுட் 4' அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடப்பது. டீம் ஃபோலான் என்ற தன்னார்வக் குழு அதன் மேல், அணுகுண்டுப் போர் முடிந்து 160 வருடம் கழித்து 2237-ல் லண்டன் எப்படி இருக்கும் என்று ஒரு நகரத்தையே கட்டியிருக்கிறது. 2024 ஜூலை 25 அன்று வெளியானது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் முன்னாள் சபாநாயகர் ஜான் பெர்கோ இதில் ஒரு பாத்திரத்துக்குக் குரல் கொடுத்திருக்கிறார். சர்ச்சில் என்று ஒரு புல்டாக் நாய் நம் கூடவே வரும். ஒரு காசு வாங்காமல் இத்தனை பேர் வருடக்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலை இது. அதை "உன் கணினி பழையது, உனக்கில்லை" என்று ஒரு வரியில் மூடிவிடுவதுதான் என்னை உறுத்துகிறது.

என் மகன் மதுரையில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறான். லீவுக்கு வந்தவன் இந்த மாட் பற்றிச் சொல்லிவிட்டு, "ஆனா நம்ம மெஷின்ல ஓடாதுப்பா" என்றான். ஒரு கடையில் விசாரித்தோம். கணினியை அவர்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை, 62,000 ரூபாய்க்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என் மூன்று மாத வருமானத்துக்கு மேல். மகன் ஒன்றும் சொல்லாமல் அந்தச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். அவன் கேட்டிருந்தால்கூடச் சரி என்றிருக்கும். கேட்காமல் இருந்ததுதான் என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது.

முதலில் ஃபால்அவுட் 4-க்கு பெதஸ்டா அறிவித்த குறைந்தபட்சத் தேவையை எடுத்துப் பார்த்தேன். ஐ5-2300 பிராசசர், 8 ஜிபி ராம், 2 ஜிபி கொண்ட ஜி.டி.எக்ஸ். 550 டிஐ கார்டு, 30 ஜிபி இடம். என் கணினி இதைத் தாண்டி நிற்கிறது. ஆனால் அது மூல விளையாட்டுக்கான கணக்கு. லண்டன் அதைவிட நெருக்கமான ஊர். வீடுகள், சந்துகள், கடைகள் என்று அடைத்துக்கொண்டு நிற்கும். அதனால் இந்தப் பட்டியலை மட்டும் நம்பி இறங்கக் கூடாது.

அப்புறம்தான் மகனுக்கு ஒரு யோசனை வந்தது. இதைத்தான் அந்தத் திண்டுக்கல் வாசகருக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். மாட் இறக்குவதற்கு முன், மூல விளையாட்டையே சோதனைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஃபால்அவுட் 4-ல் பாஸ்டன் நகரின் நடுப்பகுதி, நல்ல கணினிகளையே திணற வைக்கும் என்று பெயர் வாங்கிய இடம். அங்கே போய் நின்று, நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று பார்த்தோம். 21. ஊருக்கு வெளியே மரங்களுக்கு நடுவே 38.

இப்போது திரையின் அளவை 1280-க்கு 720 புள்ளிகள் என்று குறைத்தோம். வெளியே 38 என்பது 47 ஆனது. நகரத்துக்குள்ளே 21 என்பது 22. அவ்வளவுதான். இந்த ஒரு எண்ணில் எங்கள் முடிவு பாதி தெரிந்துவிட்டது. புள்ளிகளைக் குறைத்ததும் வேகம் ஏறினால் திணறுவது கிராபிக்ஸ் கார்டு. ஏறாவிட்டால் திணறுவது பிராசசர். நகரத்துக்குள் எங்கள் கார்டு வேலையில்லாமல் காத்துக்கொண்டிருந்தது. அந்த நிலையில் இருபதாயிரம் கொடுத்துப் புது கார்டு மாட்டியிருந்தால் அதுவும் சேர்ந்து காத்துக்கொண்டிருக்கும்.

எங்கள் தொழிலை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். நாலு கலர் ஆஃப்செட் மெஷின் எவ்வளவு வேகமாக ஓடினாலும், டிசைன் முடிந்து பிளேட் வந்தால்தான் அடிக்க முடியும். தெருவில் இருக்கும் ஒவ்வொரு சுவரையும் ஜன்னலையும் உடைந்த நாற்காலியையும் "இதை வரை" என்று கார்டுக்குச் சொல்லி அனுப்புவது பிராசசரின் வேலை. அதற்கு நிழல் வேண்டுமென்றால் அதே பொருளை நிழலுக்காக இன்னொரு தடவை சொல்ல வேண்டும். ஃபால்அவுட் 4-ல் நிழல் எவ்வளவு தூரம் வரை விழ வேண்டும் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, ஷேடோ டிஸ்டன்ஸ் என்று பெயர். உயர்ந்த நிலையில் வைத்தால் கண்ணுக்கே தெரியாத தூரத்துக் கட்டடங்களுக்கெல்லாம் நிழல் போட்டுக்கொண்டிருக்கும். அதைக் கீழே இறக்கினோம். சூரிய ஒளி கற்றை கற்றையாக விழும் காட் ரேஸ் என்பதையும் நிறுத்தினோம். பாஸ்டன் நடுவில் 33 வந்தது. ஒரு ரூபாய் செலவில்லை.

நொடிக்கு 33 படம் போதுமா என்று கேட்பவர்கள் உண்டு. இந்த விளையாட்டின் உள்ளமைப்பு நொடிக்கு 60 படம் என்ற கணக்கில் கட்டப்பட்டது. அதற்கு மேல் ஓடவிட்டால் பொருள்களின் அசைவே கோளாறாகும். அதனால் விலையுயர்ந்த கணினிக்காரர்களும் 60-ல்தான் நிறுத்திவைக்கிறார்கள். நாங்கள் 30-ல் நிறுத்தினோம். 45-க்கும் 20-க்கும் தாவிக்கொண்டே இருப்பதைவிட, சீராக 30 இருப்பது கண்ணுக்கு எவ்வளவோ சுகம். நின்று, சுற்றிப் பார்த்து, ஆட்களிடம் பேசி நகரும் விளையாட்டு இது. ஓடி ஓடிச் சுடுவதே வேலையான கேம் என்றால் நான் இதைச் சொல்ல மாட்டேன்.

அடுத்தது சூடு. மூடியைத் திறந்தபோது எனக்கே மனசு கஷ்டமாகிவிட்டது. பிரஸ்ஸில் பறக்கும் காகிதத் தூசி பிராசசர் மேல் இருக்கும் ஃபேனில் கம்பளி மாதிரி படிந்திருந்தது. விளையாடும்போது 93 டிகிரி காட்டியது. ப்ளோயர் வைத்து ஊதி, பிராசசரின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்துபோயிருந்ததைத் துடைத்துப் புதிதாகத் தடவியதும் 71. பதினொரு வருடம் எனக்குச் சோறு போட்ட மெஷினை ஒரு தடவை சுத்தம் செய்யவும் கேம் விளையாடும் ஆசைதான் வர வேண்டியிருந்தது.

பிறகு செலவு. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து படிக்கும்போது ஒரு கதவைத் திறந்து உள்ளே போனால் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். தெருவில் நடக்கும்போதே படம் நின்று நின்று வரும். 480 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்று 2,800 ரூபாய்க்கு வாங்கினோம். என் மதர்போர்டு பழைய எச்81 வகை என்றாலும் அதில் சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. தாராளமாக வேலை செய்யும். இரண்டு நிமிடம் என்பது அரை நிமிடமானது. இந்தப் போர்டில் ராம் அதிகபட்சம் 16 ஜிபி வரை போடலாம். பழைய டி.டி.ஆர்.3 ராம் 8 ஜிபி ஒன்று, தெரிந்த சர்வீஸ்காரர் 900 ரூபாய்க்குக் கொடுத்தார். பேஸ்ட் 250. ஆக மொத்தம் 3,950 ரூபாய். இது 2025 தொடக்கத்து விலை. இன்று ராம், எஸ்.எஸ்.டி. எல்லாம் விலை ஏறிக் கிடக்கிறது. புதிதாக வாங்குங்கள் என்று சொல்வதற்கு முன் அதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டை மாற்றவில்லை. பிராசசர் காரணம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 750 டிஐ கார்டுக்குத் தனியாக மின் இணைப்பு வேண்டாம், போர்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அதைவிடப் பெரிய கார்டுகள் பெரும்பாலும் தனி இணைப்பு கேட்கும். அதற்கு என் பழைய எஸ்.எம்.பி.எஸ். (மின்சாரம் தரும் பெட்டி) தாங்குமா என்ற கேள்வி வரும், அதையும் மாற்றினால் பட்டியல் நீளும். அப்படித்தான் 62,000 வருகிறது.

2 ஜிபி கார்டு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபால்அவுட் 4-க்கு பெதஸ்டா 2017-ல் உயர்தரப் படத் தொகுப்பு ஒன்றை இலவசமாகக் கொடுத்தது. 58 ஜிபி. அதற்கு 8 ஜிபி ஜி.டி.எக்ஸ். 1080 கார்டு வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள். இலவசம்தானே என்று அதை இறக்கிவிடாதீர்கள். லண்டனுக்கு அது தேவையும் இல்லை. அதேபோல புதுசு என்றால் சிக்கலே வராது என்றும் நினைக்க வேண்டாம். சுட்டால் சிதறும் துகள்களைக் காட்டும் அமைப்பை இயக்கினால் ஜி.டி.எக்ஸ். 16 வரிசை, ஆர்.டி.எக்ஸ். கார்டுகளில்தான் இந்த விளையாட்டு முறிந்து விழும். என் பழைய கார்டுக்கு அந்த வியாதி இல்லை.

பதிப்பு விஷயம் ஒன்று உண்டு. இதில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். லண்டன் மாட் முதலில் 2024 ஏப்ரல் 23 அன்று வருவதாக இருந்தது. ஏப்ரல் 25 அன்று பெதஸ்டா மூல விளையாட்டுக்குப் பெரிய அப்டேட் ஒன்றை வெளியிட இருந்ததால் தள்ளிப்போட்டார்கள். அந்த அப்டேட்டுக்கு முந்தைய 1.10.163 என்ற பதிப்பின் மேல்தான் மாட் நிற்கிறது. 2025 நவம்பரில் பத்தாம் ஆண்டுப் பதிப்பும் வந்துவிட்டது. ஆகவே தானாக அப்டேட் ஆவதை நிறுத்திவைக்க வேண்டும். நாங்கள் எல்லா இணைப்புகளும் சேர்ந்த ஃபால்அவுட் 4 பதிப்பை விளையாட்டுகள் விற்கும் ஜி.ஓ.ஜி. தளத்தில் தள்ளுபடியில் வாங்கினோம். மாட் அதே தளத்தில் கிடைக்கிறது, பழைய பதிப்புக்கு மாற்றும் வேலையும் அங்கே எளிது. இரண்டும் சேர்ந்து எங்களுக்கு 75 ஜிபி போல ஆனது. இறக்கிப் பிரிக்கும் நேரத்தில் அதைவிட அதிகம் காலியாக இருக்க வேண்டும், 120 ஜிபி ஒதுக்கி வையுங்கள். 40 எம்பிபிஎஸ் கேபிள் இணைப்பில் இரண்டு ராத்திரி ஓடியது, நடுவில் ஒரு தடவை கரண்டும் போனது.

விளையாடிய அனுபவத்தை மறைக்காமல் சொல்கிறேன். முதல் வாரம் ஒரு ராத்திரிக்கு நான்கைந்து தடவை நின்றுபோனது. புதுக் கணினிகளிலும் வெளியீட்டு நாள்களில் இது நடந்ததுதான். ராம் போதாதபோது டிஸ்க்கையே நினைவகமாக எடுத்துக்கொள்ளும் விண்டோஸின் விர்ச்சுவல் மெமரியைக் கூட்டினோம், பஃப்அவுட் 4 என்ற சிறு திருத்தத்தைச் சேர்த்தோம். அப்புறம் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை என்று குறைந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சேமித்துவிடும் பழக்கம் வந்துவிட்டது. வெஸ்ட்மின்ஸ்டர் பக்கம் சில தெருக்களில் 20-க்குக் கீழே இறங்கும், அங்கே சண்டை வந்தால் சிரமம்தான். வேறு சில்லறை மாட் எதையும் மேலே சேர்க்கவில்லை. தெருவின் பல பொருள்களை முன்கூட்டியே ஒன்றாகச் சேர்த்துவைத்து பிராசசரின் பாரத்தைக் குறைக்கும் ஏற்பாடு இந்த விளையாட்டில் இருக்கிறது. அதைக் கலைக்கும் மாட் ஒன்று உள்ளே நுழைந்தால், பழைய கணினியில் எல்லாம் போய்விடும்.

ஆனால் ஒரு ராத்திரி, மணி பதினொன்று இருக்கும், டவர் பிரிட்ஜ் பக்கம் தேம்ஸ் கரையில் போய் நின்றோம். மகன் கையில் மவுஸ், நான் பக்கத்தில் ஸ்டூலில். நிழல் குறைவு, தூரத்தில் கொஞ்சம் மங்கல். இருந்தாலும் நான் காலண்டரில் எத்தனையோ தடவை ஒட்டி அடுக்கிய அதே பாலம், சிதைந்த ஊரின் நடுவே நின்றது. "என் மெஷின்லயா இது ஓடுது" என்று கேட்டேன். அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அந்தக் கோடை முழுக்க, அவன் வரும் சனி ஞாயிறெல்லாம் எங்களுக்கு லண்டன்தான். ஆனி மாதம் முடித்தோம், ஆடியில் வேலை தொடங்கிவிட்டது.

எல்லாக் கணினியிலும் இது ஓடும் என்று நான் சொல்லவில்லை. என் அண்ணன் மகளிடம் 4 ஜிபி ராம், தனிக் கார்டு இல்லாத லேப்டாப் இருக்கிறது. அதில் லண்டன் வேண்டவே வேண்டாம் என்று நானே சொன்னேன். மாட் பெரிதா சிறிதா என்பதைவிட, அது எந்தக் காலத்து விளையாட்டின் மேல் ஏறி நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். 'டாம்ரியல் ரீபில்ட்' என்று ஒரு மாட், இருபது வருடத்துக்கு மேலாகக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். மாதக்கணக்கில் சுற்றினாலும் முடியாத நிலப்பரப்பு. ஆனால் அது 2002-ல் வந்த 'மோரோவிண்ட்' மேல் நிற்பதால் அந்த லேப்டாப்பிலேயே நன்றாக ஓடுகிறது. இப்போது அவள் அதில்தான் இருக்கிறாள்.

பழைய கணினிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய எச்சரிக்கையும் உண்டு. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்புத் திருத்தங்கள்) முடிந்துவிட்டது. என் நான்காம் தலைமுறை பிராசசருக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. 750 டிஐ வரிசைக்கு என்விடியாவும் புது விளையாட்டுகளுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) கொடுப்பதை நிறுத்திவிட்டது. ஏற்கெனவே ஓடும் விளையாட்டு இதனால் நின்றுவிடாது. ஆனால் பேங்க் வேலை எதையும் நான் இப்போது அந்தக் கணினியில் செய்வதில்லை, வேலைக் கோப்புகளைத் தனி டிஸ்க்கில் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆசிரியர் அவர்களே, தங்கள் பகுதியில் பதில் எழுதுபவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் தங்கள் நாளிதழை வாசிக்கும் எத்தனையோ வீடுகளில் என்னுடையதைப் போன்ற கணினிகள்தான் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகளும் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்பவர்களாக இருக்கலாம். பழைய கணினி வைத்திருப்பவர்களுக்காகவே மாதம் ஒரு பத்தி ஒதுக்கித் தர வேண்டுகிறேன்.

திண்டுக்கல் வாசகர் தன் கணினியில் என்ன பிராசசர், என்ன கார்டு என்று எழுதவில்லை. அதைத் தெரிவிக்கச் சொல்லுங்கள். அதற்குள் அவர் மூடியைத் திறந்து தூசியை ஊதட்டும், ஃபால்அவுட் 4 கையில் இருந்தால் பாஸ்டன் நடுத்தெருவில் ஒருமுறை திரையின் அளவைக் குறைத்துப் பார்க்கட்டும். அவருக்கு வரும் எண்ணை அறிய நானும் என் மகனும் ஆவலாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
டி.டி.பி. ஆபரேட்டர் ஒருவர்,
சிவகாசி.